ஸ்கிரிப்டை நிறுத்தினால் எது மிஞ்சும்?

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வெளியூர் ரசிகர்கள் அதை இணையத்தில் இரண்டு விதமாகப் பின்தொடர்ந்தார்கள். ஒன்று நேரலைப் பலகை. இந்திய வீரர் குகேஷ் நகர்த்திய காய் திரையிலும் நகரும். மற்றொன்று முடிவுப் பட்டியல். எந்தச் சுற்றில் எந்த நாடு யாரை வென்றது, யாருக்கு எத்தனை புள்ளி என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டும் பக்கம் அது. உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு இரண்டையும் திறந்தால், பலகை அசையாது. செஸ்-ரிசல்ட்ஸ் போன்ற தளத்தின் பட்டியலோ எழுத்துக் குறையாமல் வந்து நிற்கும். பொதுப் பிரிவில் இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் வென்றதையும், குகேஷ் தம் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றதையும் அதில் படித்துவிடலாம்.

இரண்டும் ஒரே போட்டியைப் பற்றியவை. பலகை இயங்குவதற்கு ஸ்கிரிப்ட் தேவை. பட்டியலைப் படிப்பதற்குத் தேவையில்லை. ஸ்கிரிப்ட் இல்லாமல் இணையம் பார்ப்பது பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘அது முடியுமா, முடியாதா’ என்றே போகிறது. எந்தப் பக்கத்துக்கு ஸ்கிரிப்ட் உண்மையிலேயே தேவை, எதன்மேல் அது தேவையில்லாமல் சுமத்தப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதே பயனுள்ளது. செங்கல்பட்டு மாவட்டமும் அதன் கடற்கரையும் அதற்கு நல்ல களம். ஸ்கிரிப்ட் எழுதிப் பிழைப்பவர்களும், பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் காத்திருப்பவர்களும், சிக்னல் அறுந்துபோகும் கடலுக்குள் படகு ஓட்டுபவர்களும் இங்கே அருகருகே வாழ்கிறார்கள்.

ஸ்கிரிப்ட் வந்த வழி

1990-ஐ ஒட்டி டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வலையில் ஒரு பக்கம் என்பது எழுத்தும் இணைப்பும் மட்டுமே. கேட்டதைச் சர்வர் அனுப்பும், வந்ததை உலாவி காட்டும். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு சிறு நிரல்மொழியை எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியது. முதலில் இணைப்புப் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. டிசம்பரில் அந்த மொழி ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. ஆக, நம் ஊருக்கு இணையமும் இணையத்துக்கு ஸ்கிரிப்டும் ஒரே ஆண்டில் வந்தன.

தொடக்கத்தில் அதன் வேலை சிறியது. படிவத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அனுப்பும் முன்பே சொல்லிவிடும். 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியோடு வந்த ஒரு வசதி நிலைமையை மாற்றியது. பக்கம் முழுவதையும் மறுபடி வரவழைக்காமல், வேண்டிய துண்டை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்க ஸ்கிரிப்டால் முடிந்தது. 2004 ஏப்ரலில் ஜிமெயில் இதை வைத்தே எழுந்தது. கூடுவாஞ்சேரியை அடுத்துப் பெரிய வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ, உலாவிக்குள்ளேயே கடிதமும் அறிக்கையும் எழுத உதவும் ‘ஜோஹோ ரைட்டர்’ மென்பொருளை 2005-இல் வெளியிட்டது. கணினியில் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே அலுவலக வேலையை முடிக்கலாம் என்று காட்டிய முன்னோடிகளில் அதுவும் ஒன்று. ஸ்கிரிப்ட் இல்லாமல் அப்படியொரு கருவி பிறந்திருக்காது.

சிக்கல் அதற்கடுத்த பத்தாண்டில் தொடங்கியது. 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013-இல் ரியாக்ட் என்று வந்த கட்டமைப்புகளால் புதிய பழக்கம் ஒன்று பரவியது. சர்வர் வெறும் கூட்டை அனுப்பும், உள்ளடக்கம் முழுவதையும் பயனரின் கருவியில் ஸ்கிரிப்ட்தான் கட்டி எழுப்பும். மின்னஞ்சலுக்கும் கணக்கேட்டுக்கும் பொருந்திய இந்த முறையைச் செய்திக்கும் அரசாணைக்கும் அறிவிப்புக்கும்கூடக் கைக்கொண்டார்கள். ஸ்கிரிப்டை நிறுத்தும் வழிகளும் குறுகிக்கொண்டே வந்தன. 2013 ஆகஸ்டில் வந்த ஃபயர்பாக்ஸ் 23 அமைப்புப் பக்கத்திலிருந்த அந்தத் தேர்வுக்கட்டத்தையே எடுத்துவிட்டது. ஜிமெயிலின் எளிய எச்டிஎம்எல் வடிவம் 2024-இல் நிறுத்தப்பட்டது. 2025 ஜனவரி முதல் கூகுளில் தேடுவதற்கே ஸ்கிரிப்ட் கட்டாயம். இன்று உலக இணையதளங்களில் 98 விழுக்காட்டுக்கும் மேலானவை ஏதோ ஒரு வகையில் ஜாவாஸ்கிரிப்டைப் பயன்படுத்துகின்றன.

தமிழ் பட்ட கடன்

ஸ்கிரிப்டைக் குறை சொல்லும் முன் தமிழர்கள் அதற்குப் பட்ட கடனைச் சொல்லியாக வேண்டும். யூனிகோடு நிலைபெறும் முன் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இயங்கின. டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் பல. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் புரியாத குறிகள் வரும். அந்தக் குழப்பத்திலிருந்து பலரை மீட்டவை, உலாவிக்குள் ஓடிய சிறு ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள். சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றி அவற்றுள் புகழ்பெற்றது. பழைய எழுத்துருவில் இருந்ததை ஒட்டினால் யூனிகோடில் எடுத்துக்கொள்ளலாம். விசைப்பலகை மென்பொருள் இல்லாத நெட் சென்டரில் அமர்ந்து தமிழில் தட்டச்சு செய்யவும் இத்தகைய பக்கங்களே கைகொடுத்தன. விக்கிப்பீடியாவில் இன்றும் உலாவியிலேயே தமிழில் தட்டச்சு செய்யும் வசதி ஸ்கிரிப்டால் இயங்குவதுதான்.

படிப்பது என்று வரும்போது தமிழின் நல்ல களஞ்சியங்கள் ஸ்கிரிப்டை நம்பியிருக்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் எளிய எச்டிஎம்எல், பிடிஎஃப் கோப்புகள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஸ்கிரிப்டை நிறுத்தினாலும் கட்டுரை முழுதாக வரும். தட்டச்சு உதவி போன்ற வசதிகள்தான் போகும். ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் தளமும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குவது. எழுதும்போது துணைக்கு வந்து, படிப்பவரின் வழியில் குறுக்கே நிற்காத ஸ்கிரிப்ட் சாத்தியமே என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது.

தமிழுக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்கிரிப்டே அறியாத லிங்க்ஸ் போன்ற எழுத்து உலாவிகளை ஆங்கில வாசகர் எளிதாகப் பயன்படுத்துவார். அவை ஓடும் டெர்மினல் திரைகள் பலவற்றில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். ஆகவே தமிழ் வாசகருக்கு எழுத்து உலாவி நல்ல மாற்று ஆகாது. வழக்கமான உலாவியிலேயே ஸ்கிரிப்டை நிறுத்திப் படிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஏன் நிறுத்துகிறார்கள்

முதல் காரணம் சுமை. இணையத்தை ஆண்டுதோறும் அளக்கும் வெப் அல்மனாக்கின் 2024 பதிப்பின்படி, கைபேசிக்கு வரும் பக்கங்களின் நடுமதிப்பில் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் 558 கிலோபைட். ஒரு தமிழ் எழுத்துக் குறி யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 3 பைட் பிடிக்கும். ஆயிரம் சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை சுருக்காமல் அனுப்பினாலும் ஏறத்தாழ 25 கிலோபைட்தான். கட்டுரையைவிட இருபது மடங்குக்கும் மேற்பட்ட எடையை வாசகரின் கைபேசி இழுத்து வருகிறது. இழுத்து வருவதோடு முடிவதில்லை, அதைப் பிரித்துப் படித்து ஓட்டவும் வேண்டும். டேட்டா மலிந்துவிட்டதால் இது பொருட்டில்லை என்பவர்கள் இந்த இரண்டாம் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை. விலை குறைந்த கைபேசியில் பக்கம் ‘சுத்திக்கிட்டே’ இருப்பதற்கும் பேட்டரி சீக்கிரம் இறங்குவதற்கும் அதுவே பெரிய காரணம்.

இரண்டாவது கண்காணிப்பு. ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் மட்டும் ஓடுவதில்லை. விளம்பர நிறுவனங்கள், அளவீட்டு நிறுவனங்கள், சமூக ஊடகங்கள் என்று நாம் பெயரே அறியாதவர்களின் ஸ்கிரிப்டுகளும் ஓடும். திரையின் அளவு, எழுத்துரு, நேர மண்டலம் போன்ற சிறு விவரங்களைக் கூட்டிச் சேர்த்தே ஒருவரின் உலாவியைத் தனித்து அடையாளம் காண முடியும். அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010-இல் சோதித்துப் பார்த்ததில் 83.6 விழுக்காடு உலாவிகள் தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. ஸ்கிரிப்டை நிறுத்தினால் இந்த விவரங்களில் பெரும்பகுதி கசியாது. மிகச் சிலரே அப்படி நிறுத்துவதால் நிறுத்தியதே ஓர் அடையாளம் ஆகிவிடுகிறது என்பதும் உண்மை. டார் உலாவியோ தன் உச்சப் பாதுகாப்பு நிலையில் எல்லாருக்கும் ஒன்றுபோல் ஸ்கிரிப்டை நிறுத்துகிறது.

மூன்றாவது பாதுகாப்பு. 2018 செப்டம்பரில் ஆந்திர அரசின் நகராட்சித் தளங்கள் சிலவற்றில் பார்வையாளரின் கணினியை அவருக்குத் தெரியாமல் மெய்நிகர் நாணயம் தோண்ட வைக்கும் ஸ்கிரிப்ட் ஒளிந்திருந்ததை இந்திய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். திருப்பதி மாநகராட்சியின் தளமும் அவற்றில் ஒன்று. வரி கட்டவோ தகவல் பார்க்கவோ வந்தவரின் மின்சாரமும் கணினியும் யாரோ ஒருவரின் லாபத்துக்கு உழைத்தன. 2024-இல் பாலிஃபில் என்ற பொதுப் பயன்பாட்டு ஸ்கிரிப்டை வழங்கிய முகவரி கைமாறி, அதை நம்பிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வழியே தீய நிரல் பரவியது. அந்தத் தளங்களை நடத்தியவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. இன்னொருவரின் ஸ்கிரிப்டைத் தம் பக்கத்துக்குள் அனுமதித்தார்கள், அவ்வளவே.

நான்காவது கொள்கை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன், உலாவிக்குள் நம் அனுமதி கேளாமல் வந்து ஓடும் ஸ்கிரிப்டும் ஒரு மென்பொருளே என்று நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார். அது என்ன செய்கிறது என்று படித்துப் பார்க்கும் உரிமை பயனருக்கு வேண்டும் என்பது அவர் வாதம். சென்னையிலும் காஞ்சியிலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள் வழியாகக் கட்டற்ற மென்பொருள் பற்றிய பேச்சு தமிழிலும் வேரூன்றியிருப்பதால், இந்த வாதம் இந்த வட்டாரத்துக்கு அந்நியமானதன்று.

நிறுத்திய பின்

ஸ்கிரிப்டை நிறுத்திப் பார்த்தால் இணையம் மூன்றாகப் பிரிகிறது. முதல் வகை, ஒன்றும் குறையாதது. விக்கிப்பீடியாவும் மதுரைத் திட்டமும் இதில் சேரும். விளம்பரமும் குறுக்கே பாயும் சாளரமும் இல்லாததால் பல தளங்கள் முன்பைவிடப் படிக்க இதமாகவும் இருக்கின்றன. இரண்டாம் வகை, பாதி வருவது. எழுத்து வரும், படம் வராது. தலைப்பு வரும், ‘மேலும்’ என்ற பொத்தான் திறக்காது. மூன்றாம் வகை, வெற்றுத் திரை. ரயில் சீட்டுக்கான ஐஆர்சிடிசி தளம் முழுக்க ஸ்கிரிப்டால் கட்டப்பட்டது. செங்கல்பட்டு சந்திப்பிலிருந்து எந்த ரயில் எப்போது என்று பார்க்க மட்டும் வந்தவருக்கும் அது எதையும் காட்டாது.

நம் மாவட்டத்தில் அன்றாடம் தொடும் எடுத்துக்காட்டு பட்டா. தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம் செங்கல்பட்டு என்று தேர்ந்தால் அதன் வட்டங்கள் அடுத்த கட்டத்தில் வரும். திருக்கழுக்குன்றம் என்று தேர்ந்தால் அந்த வட்டத்தின் கிராமங்கள் வரும். இந்தப் பட்டியல்களைக் கொண்டுவந்து நிரப்புவது ஸ்கிரிப்ட். அது ஓடாவிட்டால் முதல் கட்டத்தோடு எல்லாம் நின்றுவிடும். ‘அடுத்து’ என்று ஒரு பொத்தான் வைத்து, வட்டத்துக்கு ஒரு பக்கம், கிராமத்துக்கு ஒரு பக்கம் என்று சர்வரே அனுப்பினால் இதே வேலை நடக்கும். ஸ்கிரிப்ட் இருப்பவருக்கு ஒரே பக்கத்தில் முடியட்டும், இல்லாதவருக்கு மூன்று பக்கத்தில் முடியட்டும். இரண்டு பேருக்கும் பட்டா கிடைக்கும்.

மறுப்புகள்

மறுதரப்பின் வாதங்களில் வலுவுண்டு. வங்கிப் பரிவர்த்தனை, பணம் செலுத்தும் வாயில், நிலப்படம், காணொளி வகுப்பு ஆகியவற்றை ஸ்கிரிப்ட் இல்லாமல் கேட்பது நியாயமாகாது. காற்றின் ஓட்டத்தை வண்ணக் கோடுகளாக அசைத்துக் காட்டும் விண்டி வரைபடத்தைக் கடற்கரைக்காரர்கள் பார்ப்பது ஸ்கிரிப்டின் தயவில்தான்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான்களுக்கு ஸ்கிரிப்ட் ஆகாது என்பது பழைய நம்பிக்கை. வெப்எய்ம் அமைப்பின் 2012 ஆய்வில் திரைபடிப்பான் பயனர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஸ்கிரிப்டை இயக்கியே வைத்திருந்தார்கள். அணுகல்தன்மைக்கான உலக நெறிகளும் இதற்கேற்ப மாறின. 1999-இன் முதல் பதிப்பு, ஸ்கிரிப்ட் நிறுத்தப்பட்டாலும் பக்கம் பயன்பட வேண்டும் என்றது. 2008-இன் இரண்டாம் பதிப்பில் அந்த விதி இல்லை. 2009-இல் வெளியான இந்திய அரசு இணையதள வழிகாட்டு நெறிகளோ பழைய விதியைப் போற்றி வைத்திருந்தன.

மிகச் சிலருக்காக ஏன் உழைக்க வேண்டும் என்ற கேள்வியே மறுப்புகளில் முதன்மையானது. பிரிட்டன் அரசின் இணையச் சேவைப் பிரிவு 2013-இல் இதை எண்ணிப் பார்த்தது. அரசுத் தளத்துக்கு வந்தவர்களில் 1.1 விழுக்காட்டினருக்கு ஸ்கிரிப்ட் ஓடவில்லை. அவர்களில் தாமே நிறுத்தியவர்களும் ஸ்கிரிப்ட் அறியாத உலாவி வைத்திருந்தவர்களும் சேர்ந்து 0.2 விழுக்காடுதான். மீதி 0.9 விழுக்காட்டினர் எதையும் நிறுத்தவில்லை. அவர்களின் உலாவி ஸ்கிரிப்டை ஓட்டக்கூடியது. ஆனாலும் ஏதோ காரணத்தால் அது வந்து சேரவில்லை, அல்லது ஓடவில்லை.

வராத ஸ்கிரிப்ட்

இந்த விவாதத்தின் மையமாக நான் கருதுவது அந்த 0.9 விழுக்காட்டைத்தான். ஸ்கிரிப்டை நிறுத்துவது சிலரின் தேர்வு. ஸ்கிரிப்ட் வந்து சேராமல் போவது எவருக்கும் நேரக்கூடியது. சிக்னல் பாதியில் அறுவது, அலுவலக வலையமைப்பு தடுப்பது, பழைய கைபேசி புதிய ஸ்கிரிப்டைப் புரிந்துகொள்ளாமல் நின்றுபோவது, ஸ்கிரிப்ட் வழங்கும் வேறொரு சர்வர் விழுந்துகிடப்பது என்று காரணங்கள் பல. விளைவு ஒன்றே. தாமாக நிறுத்தியவர் பார்க்கும் அதே வெற்றுத் திரையை இவரும் பார்க்கிறார்.

மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்தபோது கைபேசித் தொடர்பு பல இடங்களில் நாள்கணக்கில் தடுமாறியது. மின்சாரம் போகும், கோபுரங்கள் பேட்டரியில் ஓடும், எல்லாரும் ஒரே நேரத்தில் கைபேசியை எடுப்பார்கள். அந்த நேரத்தில் 25 கிலோபைட் அறிவிப்பு தட்டுத்தடுமாறியாவது வந்துசேரும். அரை மெகாபைட் ஸ்கிரிப்ட் முழுதாக இறங்கிய பிறகுதான் முதல் எழுத்தே தெரியும் என்றால், பக்கம் மிகவும் தேவைப்படும் வேளையில் அது இல்லாமல் போகிறது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமானது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான குப்பங்களிலிருந்து ஃபைபர் படகில் போகிறவர்களுக்குக் கரையை விட்டு விலக விலகச் சிக்னல் மெலியும். 2004 சுனாமிக்குப் பின் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைத்த கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸ், மீன்வளப் பகுதி அறிவிப்புகளைக் குறுஞ்செய்தியாகவும் இறங்குதளங்களில் வைத்த மின்பலகைகள் வழியாகவும் தந்தது. ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்ற செய்திக்கு ஒரு வரி போதும். அந்த வரியை அசையும் வரைபடத்துக்குள் பூட்டி வைக்கக்கூடாது. வரைபடம் வருகிறவருக்கு வரட்டும், வரி எல்லாருக்கும் வர வேண்டும்.

சுற்றுலாவும் இதே பாடத்தைத் தருகிறது. 2020-இல் பெருந்தொற்றுக்குப் பின் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்கள் திறக்கப்பட்டபோது நேரடிச் சீட்டு நிறுத்தப்பட்டு மின்சீட்டு மட்டுமே செல்லும் என்றானது. தொற்றுக்கு அஞ்சி எடுத்த முடிவு அது, நியாயமானதும்கூட. மாற்று வழி இல்லாமல் ஒரு சேவையை இணையத்துக்குள் வைக்கும்போது, கையில் இருக்கும் கைபேசியின் திறமும் அந்த நேரத்துச் சிக்னலும் நுழைவுத் தகுதிகளாக மாறிவிடுகின்றன என்பதை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது.

செய்யக்கூடியவை

வாசகர் தம்மளவில் செய்யக்கூடியது எளிது. எல்லாவற்றுக்கும் ஸ்கிரிப்டை நிறுத்துவது அன்றாட வாழ்வுக்கு ஒத்துவராது. தளம் தளமாக முடிவு செய்வதே நல்லது. இத்தாலியர் ஜோர்ஜோ மவோனே 2005-இல் உருவாக்கிய நோஸ்கிரிப்ட் நீட்சி, எந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் ஓடலாம் என்பதை நம் கையில் தருகிறது. ரேமண்ட் ஹில்லின் யூபிளாக் ஆரிஜின் அந்நிய ஸ்கிரிப்டுகளை மட்டும் தடுக்க உதவும். ஃபயர்பாக்ஸ் உலாவியில் இவை கைபேசியிலும் இயங்கும். குரோமில் தள அமைப்புகளுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற பகுதியிலேயே குறிப்பிட்ட தளங்களுக்குத் தடை போடலாம். செய்தியும் கட்டுரையும் படிக்கும் தளங்களில் நிறுத்தி, வங்கியிலும் பணம் செலுத்துமிடத்திலும் அனுமதித்தால் இழப்பு குறைவு, பயன் மிகுதி.

உண்மையான கடமை தளம் கட்டுபவருடையது. முதலில் எழுத்தும் படிவமும் ஸ்கிரிப்ட் இல்லாமல் நிற்கட்டும், அதன்மேல் அழகும் வேகமும் சேரட்டும் என்ற முறையை ஸ்டீவன் சாம்பியன் 2003-இலேயே பெயரிட்டு முன்வைத்தார். படிப்படியாக மேம்படுத்துவது என்று அதைச் சொல்லலாம். வீட்டுக்கு அடித்தளம் போட்ட பிறகு மாடி எடுக்கும் வரிசை அது. ரியாக்ட் போன்ற கட்டமைப்புகளிலும் பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கி அனுப்பும் வசதி வந்துவிட்டதால், பழைய கருவிக்குத் திரும்ப வேண்டியதில்லை. மனம் வைத்தால் போதும். சிறுசேரியிலும் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் கூடுவாஞ்சேரியிலும் அதற்கான திறமை நிறைந்த இளைஞர்கள் இருக்கிறார்கள்.

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு, புதிய மாவட்டம் என்ற முறையில் இதற்கு வழிகாட்டலாம். வானிலை எச்சரிக்கை, நிவாரண முகாம் பட்டியல், பள்ளி விடுமுறை, பட்டா விவரம், சான்றிதழ் விண்ணப்பத்தின் நிலை ஆகிய ஐந்தும் ஸ்கிரிப்ட் ஓடாத உலாவியிலும் தமிழ் எழுத்தாக வர வேண்டும். இதை உறுதிசெய்யப் பெரிய செலவு ஆகாது. ஓர் அரசுத் தளத்தைக் கட்டியவரிடமிருந்து பெற்றுக்கொள்ளும் முன், ஸ்கிரிப்டை நிறுத்தி அதைத் திறந்து பார்ப்பதை ஒப்பந்த நிபந்தனையாக்கினால் போதும். படிக்க வேண்டியது தெரிந்தால் பெற்றுக்கொள்ளலாம், தெரியாவிட்டால் திருப்பி அனுப்பலாம். பொதுப்பணத்தில் கட்டப்படும் பக்கத்திடம் குடிமக்கள் இவ்வளவேனும் கேட்டுப் பெற வேண்டும்.